கிணற்றில் ஏறிய கடல்

கேத்தி பிறந்து ஆறு நாளாகியும் மழை இல்லை. மாலத்தீவின் மழைக் கணக்கில் கேத்தி நட்சத்திரத்துக்குப் பதினான்கு நாள். முதல் நாளே இடியோடு இறங்கியிருக்க வேண்டும். இந்த வருடம் மேற்கு வானம் கறுப்பதும் கலைவதுமாக இருந்தது. ஷுகூர் எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பான். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் வதீஃபாவின் சீமைப்பலா மரத்தைப் பார்ப்பான். நேற்றைவிட இன்று இலை குறைந்திருக்கும்.

கேத்திக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு காலை நேரத்து ஓதத்தோடு கடல் பொங்கிக் கிழக்குக் கரைமேட்டைத் தாண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் தெருவில் நடந்து, செருப்புகளையும் கோழிக்கூண்டுகளையும் தூக்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் மேற்கே இறங்கிப் போய்விட்டது. சேப்பங்கிழங்குக் குழிகளில் மீன் துள்ளியது. தீவின் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன.

அன்று மாலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தீவுக் கவுன்சில் அறிவித்தது. மோட்டார் வைத்து யாரும் கிணற்றை இறைக்க வேண்டாம். மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் கடலின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. இறைத்தால் ஆடை கிழிந்து கீழே இருக்கும் கடல் மேலே வந்துவிடும். மழை பெய்தால் உப்பு தானாகக் கீழே இறங்கும். அதுவரை பொறுங்கள்.

ஷுகூர் படகு இன்ஜின் மெக்கானிக். எண்ணெய்த் தொட்டியில் அழுக்கு சேர்ந்தால் அடிவரைக்கும் வடித்துவிட்டுக் கழுவ வேண்டும் என்பது முப்பது வருடமாக அவன் கை படித்த பாடம். பொறுத்திருந்தால் சுத்தமாகும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வயிறு சரியில்லை என்று மனைவி நஸீராவிடம் சொன்னான். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். ஆண்களெல்லாம் தொழுகைக்குப் போனார்கள். அவன் மோட்டாரைப் போட்டான். முக்கால் மணி நேரத்தில் கிணற்றின் அடி மணல் தெரிந்தது. பிறகு புதுத் தண்ணீர் கண்ணாடியாக ஊறி வந்தது. பெருமையாக ஒரு கை அள்ளிக் குடித்தான். கடலேதான் அது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேலிக்கு அப்பாலிருந்து வதீஃபாவின் குரல் கேட்டது. "நஸீரா, இந்தக் கூத்தைக் கேட்டியா? தேறிக்கிட்டு வந்த கிணறு திரும்பவும் கெட்டுப்போச்சு. வாயில வைக்க முடியல."

இரண்டு கிணறுகளுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அதற்குப் பிறகு ஷுகூர் அதை எத்தனை முறை நடந்து அளந்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

வதீஃபாவுக்கு அறுபது வயதுக்கு மேல். தனி ஆள். அவளுடைய மழைநீர்த் தொட்டியை அன்று பொங்கிய கடல் உருட்டிப் பிளந்துவிட்டது. கிணறுதான் கதி. தலைநகர் மாலேயில் மகன் இரண்டு அறையில் ஆறு பேரோடு இருக்கிறான். அங்கே போனால் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். "கேத்தி முடியறதுக்குள்ள தண்ணி தேறலைன்னா போயிடறேன். இந்த வயசுல வீடு வீடாக் குடம் தூக்க முடியாது" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். தகரப்பெட்டி ஒன்றைக் கட்டி வாசலில் வைத்தும்விட்டாள்.

கேத்தியின் எட்டாம் நாள் மாலை ஷுகூர் கரையோரம் போட்டிருந்த கயிற்று நாற்காலியில் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். பக்கத்து நாற்காலியில் பாக்கு மென்றுகொண்டிருந்த படகோட்டி இல்யாஸ் சும்மா இருக்கவில்லை.

"என்ன ஷுகூரு, வானத்துல ஏதாவது ஸ்க்ரூ கழண்டிருக்கா? ஏறி முடுக்கிட்டு வாயேன்."

ஷுகூர் மேற்கே ஒரு மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வதீஃபாக்காவுக்கு என் படகுல இடம் போட்டாச்சு. அவங்க போனா உனக்கு ஓசியில சீமைப்பலா வறுவல் கிடைக்காது. அந்தக் கவலைதானே?"

ஷுகூர் நாற்காலியில் மறுபக்கம் புரண்டான்.

"இவன்கிட்ட பேசறதுக்கு ஆமைகிட்ட பேசலாம். அது தலையையாவது உள்ள இழுக்கும்" என்று இல்யாஸ் எழுந்து போனான்.

ஷுகூர் அங்கேயே கிடந்தான். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். அவள் திட்டுவாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினால்தான் தாங்க முடியாது.

ஒன்பதாம் நாள் மதியம் மழை இறங்கியது. தூறல் கீறல் எதுவுமில்லை, எடுத்த எடுப்பிலேயே கூரையைத் தட்டியது. மூன்று நாள் நிற்கவில்லை. நஸீரா வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்தாள். ஷுகூர் கதவோரம் நின்று, மண் மழையைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழையின் நான்காம் நாள் காலை வெளிவாங்கியது. மறுநாள் வதீஃபா ஏற வேண்டிய படகு. ஷுகூர் தன் கிணற்றில் விரல் நனைத்து நாக்கில் வைத்தான். லேசாக உப்புக் கரித்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் உப்பில் ஊறிய நாக்கை நம்ப முடியவில்லை. அவள் கிணறு தேறியிருந்தால் பிறகு சொல்வது வெறும் ஊர்க்கதையாகிவிடும். தேறியதா என்று தெரிவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வேலியைச் சுற்றிக்கொண்டு போனான்.

வதீஃபா வாசலில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குவளையில் பால் கலக்காத தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"கிணத்துத் தண்ணிதான். குடி."

அவன் குவளையை வாங்கினான். குடிக்கவில்லை.

"அக்கா, அந்த வெள்ளிக்கிழமை நான் மோட்டார் போட்டேன். கிணத்தை அடி வரைக்கும் இறைச்சேன். உங்க தண்ணி கெட்டது என்னாலதான்."

வதீஃபா திரும்பவும் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை ஆம்பளைங்கதானேடா பள்ளிக்குப் போறீங்க? நாங்க வீட்லதானே இருக்கோம்? உன் மோட்டார் சத்தத்துக்குப் பவளத்திட்டு மீனெல்லாம் எழுந்து ஓடியிருக்கும்."

"அப்போ ஏன்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"எந்த வாயை வச்சுக் கேக்கறது?" அவள் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "மறுநாள் நீ படகுத்துறைக்குப் போனதும் நானும் இறைச்சேன். கையாலதான், இருநூறு வாளி. அவன் கிணறு மட்டும் சுத்தமாயிடுச்சுன்னா என் கிணறு என்ன பாவம் பண்ணுச்சுன்னு பொறாமை. இன்னும் இந்தத் தோளு தூக்க வரல."

ஷுகூருக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த இடம் அவ்வளவு ஆழத்தில் இருந்ததால் வெளியே வர நேரமாயிற்று.

"சிரிக்காத. குடிச்சுப் பாத்துச் சொல்லு. விடிஞ்சதுலேர்ந்து அடுப்புல வச்சு வச்சு இறக்கறேன், என் வாயில வைக்கத் தைரியம் வரல."

ஷுகூர் ஒரு மிடறு குடித்தான். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான். இன்னொரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது. வதீஃபா எழுந்து நின்றுவிட்டாள். சீமைப்பலாவின் மொட்டைக் கிளையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா, பாவி!"

"சர்க்கரை இல்ல" என்றான் ஷுகூர்.

"என்னது?"

"டீயில சர்க்கரை இல்லக்கா. வேற ஒரு குறையும் இல்ல."

அவள் குவளையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தபடி நின்றாள். மோட்டார் போட்ட பிறகான நாற்பது நாளில் முதல்முறையாக, பேசாமல் இருப்பது அவனுக்குச் சுகமாக இருந்தது.

"சர்க்கரை டப்பா பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாத்துக்கும் அடியில வச்சுட்டேன்."

ஷுகூர் தரையில் உட்கார்ந்து பெட்டியின் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். மழையில் ஊறி இறுகியிருந்த முடிச்சு. நேரம் பிடித்தது. அவசரம் ஒன்றும் இல்லை.