அரைச் செங்கல்

மண்டியிட்டே வேலை பார்த்ததில் கிளீட்டஸ் வர்காவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஓஹையோவின் அந்தப் பல்கலைக்கழகத்தில், நன்கொடை கொடுக்கும் முன்னாள் மாணவர்களின் பெயர் பொறித்த செங்கற்களைப் பாதையில் பதிக்கிற கொத்தனார் அவர். நூலகத்திலிருந்து மணிக்கூண்டு வரை நாலாயிரம் கற்கள், அத்தனையும் அவர் கை வைத்தவை. வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு கல் பாக்கி இருந்தது. வேலையும் அன்றோடு கடைசி. திங்கள் முதல் எல்லாப் பராமரிப்பும் வெளிக் கம்பெனிக்கு.

வேலை போனதைக்கூட அவர் செரித்துக்கொண்டிருப்பார். விதிப்படி, முப்பது வருடம் முறியாமல் உழைத்தவருக்கு ஓய்வுக்குப் பின்னும் மருத்துவக் காப்பீடு உண்டு, மனைவிக்கும் சேர்த்து. அவர் மனைவி லோர்னாவுக்கு மாற்றுச் சிறுநீரகம். மாத்திரை ஒருநாளும் நிற்கக் கூடாது. கிளீட்டஸ் உழைத்தது முப்பத்தொரு வருடம். ஆனால் அவளுடைய அறுவைச் சிகிச்சையின்போது சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம் பக்கத்தில் இருந்தார். 'பணித் தொடர்ச்சி முறிந்தது, காப்பீடு கிடையாது' என்று இப்போது கடிதம் வந்திருந்தது. கீழே அறங்காவலர் தலைவர் வின்ஸ்லோ ஆல்ட்ரிச்சின் கையெழுத்து. அதே வாரம் அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம்: 'நாம் ஒரே குடும்பம். உங்களால் இயன்றதைப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பித் தாருங்கள்.' வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

முன்னாள் மாணவர் அலுவலகத்தின் பெர்னடெட் கடைசிக் கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். 'வின்ஸ்லோ ஆல்ட்ரிச், 1974. நாற்பது ஆண்டு முறியாத விசுவாசம்.'

"நெஜமாவே நாப்பது வருஷத்துல ஒரு வருஷம்கூட விடலையா மனுஷன்?" என்றார் கிளீட்டஸ்.

"அட, நீங்க வேற. பங்கு மார்க்கெட் படுத்துச்சே, அந்த வருஷம் ஒண்ணும் வரல. அடுத்த வருஷம் சேத்துக் குடுத்தாரு. முன்தேதி போட்டு ஒட்டிட்டோம்."

"ஒட்ட முடியுமா?"

"அவருக்கு முடியும்" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க கிளீட்டஸ். உங்களுக்காகவும் கேட்டேன். சட்டம் சட்டம்தான்னுட்டாங்க."

அவள் போனபின் கிளீட்டஸ் கல்லை மடியில் எடுத்து வைத்தார். கல்லை நேராக உடைப்பது கொத்தனாருக்குப் பாலபாடம். உளியால் நாலு பக்கமும் கோடு கீறி, சுத்தியால் ஒரே தட்டு. 'முறியாத' என்ற சொல்லின் நடுவிலேயே பிளந்தது. 'முறி' ஒரு பாதியில், 'யாத' மறு பாதியில். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, வெள்ளைச் சிமெண்டை நிரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு கல்லும் பதித்ததில்லை. சுற்றியுள்ள கற்களை உடைக்காமல் இனி அதைப் பெயர்க்க முடியாது. வயிறு குளிர வீட்டுக்குப் போனார்.

மறுநாள், சனிக்கிழமை, முன்னாள் மாணவர் ஊர்வலம். ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பிகளோடு ஆண்டுவாரியாக அணிவகுத்து வந்தார்கள். சாவியை ஒப்படைக்கிற சாக்கில் கிளீட்டஸ் பாதையோரம் நின்றார். ஆல்ட்ரிச் படம் எடுக்கிறவரோடு வந்து தன் கல்லைத் தேடினார். கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"என்ன இது? ஒடஞ்சிருக்கு!"

அவருடைய வகுப்புத் தோழர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "முறி... யாத. டேய் வின்ஸ்லோ, உன்னைப் பத்தி கல்லுக்கே தெரிஞ்சுபோச்சுடா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆல்ட்ரிச்சின் கழுத்து சிவந்தது. பெர்னடெட் தவித்துப்போய் கிளீட்டஸைக் காட்டினாள். "இவர்தான் சார் நம்ம கொத்தனார்."

ஆல்ட்ரிச் அவர் தோளில் கை போட்டார். "நண்பா, நம்ம காலேஜுக்காக ஒரு உதவி. படம் எடுக்கறதுக்குள்ள ஒட்டிக் குடுத்துடுங்களேன்."

"ஒட்டாதுங்க சார். ஒருதடவை முறிஞ்சா முறிஞ்சதுதான். நீங்களே எழுதியிருந்தீங்க."

"நானா? யாருக்கு?"

"வர்காவுக்கு."

ஆல்ட்ரிச் யோசித்தார். அந்தப் பெயர் அவருக்கு நினைவில் இல்லை, நடிப்பும் இல்லை.

படம் எடுக்கிறவர் பொறுமையிழந்தார். "எந்தப் பாதியில நிக்கறீங்க சார்?"

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்று கிளீட்டஸுக்குத் தோன்றியது. சாவியைப் பெர்னடெட்டின் கையில் வைத்துவிட்டு, வாசலை நோக்கிப் பாதையில் நடந்தார். பத்தடி போவதற்குள் காவலாளி கையை நீட்டி மறித்தான். திங்களன்று வரவேண்டிய கம்பெனியின் புதுச்சட்டை அவன் உடம்பில்.

"ரிப்பன் எங்க? இன்னைக்குக் கல்லுப்பாதை ரிப்பன் கட்டினவங்களுக்கு மட்டும்தான், பெரியவரே. புல்லு ஓரமாப் போங்க."

அந்த வாரத்து மழையில் புல்தரை சேறாகக் கிடந்தது. தன் நாலாயிரம் கற்களையும் ஒட்டியபடி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, கிளீட்டஸ் சேற்றில் நடந்தார்.