ரைட் சொல்லாமல் வண்டி நகராது

டிரைவரும் கண்டக்டரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் டிரைவர், தங்கையைக் கட்டியவர் கண்டக்டர். ஒரே வீட்டில் பெண் எடுத்து, ஒரே பஸ்ஸில் வேலை பார்த்து, பல வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குள் மூன்று வாரமாகப் பேச்சு நின்று போயிருந்தது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தாலாவது யாராவது சமாதானம் செய்து வைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். இனிமேல் பஸ்ஸில் டிக்கெட் எந்திரம் இருக்கும், கண்டக்டர் இருக்க மாட்டார் என்று டெப்போவில் அறிவிப்பு ஒட்டினார்கள். டிரைவருக்கு அதே பஸ், அதே ரூட், தனியாக. கண்டக்டருக்கு டெப்போ வாசலில் பாஸ் கொடுக்கிற கவுண்டரில் ஒரு நாற்காலி. அறிவிப்பைப் படித்துவிட்டு டிரைவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஓ" என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கண்டக்டர் அறிவிப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "நீ இல்லாம எப்படிய்யா?" என்று ஒரு வார்த்தை, பொய்க்காகவாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அது வரும்வரை தானாக வாயைத் திறப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

டிரைவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவர். பேசுகிறவரும் வாயை மூடிக்கொண்டால் இரண்டு வீடும் என்னத்துக்கு ஆகும்? தங்கைக்கு வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. ஒரு நாள் பார்சலோடு போன இடத்தில் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தாள். சாகசப் போட்டி ஒன்று: நாலு பேர் கொண்ட அணி, மூன்று நாள், காடு, ஏரி, மலை. சைக்கிள், படகு, நடை. நாலு பேரும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் விட்டுப் போனாலும் அணி அவுட்.

"இதுங்க ரெண்டையும் மூணு நாள் ஒண்ணாக் கட்டிப்போட வேற வழியே இல்லக்கா" என்றாள் தங்கை.

அக்காள் ஆஸ்பத்திரி நர்ஸ். யாருக்கு ஊசி போட வேண்டும் என்றாலும் அவர்களைக் கேட்டுக்கொண்டு போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "பேரைக் குடுத்துடு" என்றாள்.

கண்டக்டர் மூக்கால் அழுதுகொண்டே வந்தார். போட்டி முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, கவுண்டர். கூட வந்தவர்கள் எல்லாம் உடம்பில் ஒரு பிடி சதை இல்லாத இளவட்டங்கள். இவர்களோ டெப்போவில் கொடுத்த மழைக்கோட்டும் ஆளுக்கொரு தொப்பையுமாக நின்றார்கள். ஆபத்து வந்தால் ஊதுவதற்கு எல்லாரும் கழுத்தில் விசில் மாட்ட வேண்டும் என்றது விதி. கண்டக்டர் பஸ்ஸில் ஊதுகிற தன் விசிலையே மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை அதை டெப்போ ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். போகிற வரைக்கும் கழுத்தில் கிடக்கட்டும் என்று நினைத்தார்.

முதல் நாள் சைக்கிள். காட்டுக்குள் ஒரு மரக்கம்பம், அதில் ஒரு துளையிடும் கருவி. வந்து போனதற்கு அடையாளமாக அட்டையில் குத்திக்கொண்டு போக வேண்டும். கருவியைப் பார்த்ததும் கண்டக்டருக்குக் கை துறுதுறுத்தது. டிக்கெட்டில் குத்துவது மாதிரியே ஒரு சுழற்றுச் சுழற்றிக் குத்தினார். கை அந்த வேலையைச் செய்தால் அடுத்து என்ன என்று வாய்க்குத் தெரியும். விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்த டிரைவரும் சட்டென்று பெடலை மிதித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சரோடு போட்டி நடத்துகிறவர்களின் ஆட்கள் நாலு பேரும் ஒரு டாக்டரும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்து வழியை மறித்தார்கள்.

"யாருக்கு அடி?"

"யாருக்கும் இல்லீங்க. வண்டி எடுக்கச் சொல்லி ஊதினேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் அடி பட்டிருக்குமோ என்று விளக்கடித்துக் கண்ணையும் பார்த்தார். தண்டனையாக ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். இன்னொரு தடவை ஊதி ஆட்கள் வரும்படி ஆனால் நேராக வீட்டுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நர்ஸ் தன் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து விசிலின் வாயைச் சுற்றி ஒட்டினாள்.

அத்தோடு தீர்ந்ததா? அடுத்த கம்பத்தில் அட்டையைக் குத்தியாயிற்று. டிரைவர் நகரவில்லை.

"மாமா, கிளம்புங்க" என்றாள் தங்கை.

"ம்" என்றார். முன்னால் பார்த்தபடி நின்றார்.

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. மரியாதையை விட்டுக்கொடுக்கிற மாதிரி இருந்தாலும் வேறு வழி இல்லை. "ரைட்" என்று முணுமுணுத்தார். டிரைவர் கிளம்பினார். இது பேச்சில் சேராது, கடமையில்தான் சேரும் என்று கண்டக்டர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஏரி. படகின் முன்பக்கம் டிரைவர், பின்பக்கம் கண்டக்டர். குறுக்கே வந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்து டிரைவர் வாயாலேயே "பாம் பாம்" என்றார். திரும்புகிற இடத்தில் துடுப்பை விட்டுவிட்டுக் கையை நீட்டி சிக்னல் காட்டினார். கண்டக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சொல்ல வேண்டிய ஆள் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் காலத்தில் அந்த மனிதர் திரும்பிப் பார்த்திருக்கிறார்? இத்தனை வருடமும் அந்த முதுகைப் பார்த்தே போயிற்று. இனி அதுவும் கிடையாது என்று நினைத்ததும் சிரிப்பு அடங்கிப் போயிற்று.

மூன்றாம் நாள் மலை. சாயங்காலத்துக்குள் இறங்கிக் கோட்டைத் தாண்டாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். உச்சியை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் கடைசியாக வந்துகொண்டிருந்தார். அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர், நிமிர்ந்து ஒரு எட்டு வைத்தார். வைத்த இடத்தில் தரை இல்லை. மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் தொபீரென்று விழுந்தார். முழங்கால் வரை சேறு, கணுக்கால் சுளுக்கு.

கை விசிலுக்குப் போனது. ஊதினால் ஸ்ட்ரெச்சர் வரும், அணி வீட்டுக்குப் போகும். கையை எடுத்துவிட்டார். வாய்விட்டுக் கூப்பிடலாம்தான். ஆனால் கூப்பிட்டால் யார் வருவார்? அந்த முதுகா? வீம்பு விடவில்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன. அவர்கள் அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார்கள் போலிருந்தது.

"அட்டையைக் குத்தியாச்சு மாமா. கிளம்புங்க, அவர் பின்னாலதான் வர்றார்." தன் மனைவியின் குரல்.

"ரைட் வரலை." டிரைவர்.

"கோவத்துல சொல்லாம வர்றார். நாம நடந்தா தன்னால வந்துடுவார்."

"அவன் சொல்லாம நான் எடுக்க மாட்டேன்."

"இது என்ன பஸ்ஸா?" நர்ஸ் சீறினாள். "நாளைக்கு யார் ரைட் சொல்லி எடுக்கப் போறீங்க?"

பள்ளத்தில் கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் எனக்கும் தெரியல" என்றார் டிரைவர். "மூணு வாரமா அதே நினைப்பு. கண்ணாடியில பார்த்தா ஆள் ஏறினது தெரியும், இறங்கினது தெரியும். இருந்தாலும் அவன் சொன்னாத்தான் எனக்குக் கால் அழுத்தும். அவன் இல்லாம எப்படி ஓட்டுவேன்? இதை அவன்கிட்டச் சொல்லப் போய் நான் அழுதுட்டா, பஸ் பூராவும் சொல்லிச் சிரிப்பான்."

கண்டக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. டிரைவர் சொன்னதும் நிஜம்தான். சிரித்திருப்பார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லியிருப்பார்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நிறைந்த பஸ்ஸையே அடக்குகிற குரலில், வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்: "ஹோல்டான்!"

பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தவர் டிரைவர்தான். முதுகு இல்லை, முகம். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. சேற்றில் இறங்கி, சகலையின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

"கேட்டுச்சா?" என்றார் மெல்ல.

"இதைச் சொல்ல உங்களுக்கு மூணு வாரமா, சகலை?"

"நீ கேக்கவே இல்லையேய்யா."

நர்ஸ் காலைக் கட்டினாள். தங்கை அவர் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தாள். டிரைவர் தோளைக் கொடுத்தார். மூன்று வாரத்துப் பேச்சையும் கண்டக்டர் இறங்குகிற வழியிலேயே பேசித் தீர்த்தார், வாத்துக் கதை உட்பட. வந்து சேர்ந்தவர்களில் இவர்கள்தான் கடைசி. கொடியை இறக்கக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு முன்னால் டிரைவர் நின்றுவிட்டார். கூட்டம் "வாங்க, வாங்க" என்று கூச்சல் போட்டது. அவர் அசையவில்லை.

"ரைட், ரைட்!" என்று கத்தினார் கண்டக்டர். நாலு பேரும் தாண்டினார்கள்.

திங்கட்கிழமை காலை கண்டக்டர் கட்டுப் போட்ட காலோடு கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். பாஸ் வாங்க வரிசை நின்றது. டிரைவரின் பஸ் டெப்போ வாசலுக்கு வந்தது. புது எந்திரம் பச்சை விளக்கு காட்டியது, கதவு மூடியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் மட்டும் நகரவில்லை. பின்னால் நின்ற பஸ்கள் ஹாரனை அலற விட்டன. மேனேஜர் அரக்கப் பரக்க ஓடி வந்தார்.

"என்னய்யா கோளாறு?"

"ஒண்ணுமில்ல சார். இன்னும் ரைட் வரலை" என்றார் டிரைவர், முன்னால் பார்த்தபடி.

விசிலை இன்னும் ஸ்டோரில் ஒப்படைக்கவில்லை. கண்டக்டர் அதைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். பிளாஸ்திரியைப் பல்லால் பிய்த்துத் துப்பினார். பாஸ் கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, டெப்போ முழுக்கக் கேட்கும்படி இரண்டு தடவை ஊதினார்.

பஸ் கிளம்பியது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.