குறையாத இருபது

எண்ணெய் எடுத்தே வாழும் அந்த வடகிழக்குச் சீன நகரத்தில், புள்ளியியல் அலுவலகத்தின் கணக்காளராகச் சூ வென்ஜிங் இருபத்தாறு ஆண்டுகள் கழித்திருந்தாள். எடுத்த எண்ணெயின் மதிப்பை வருமானம் என்று எழுதுவதே வழக்கம். அவ்வாண்டு வசந்தத்தில் மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது: எடுத்தது மீண்டும் ஊறப்போவதில்லை, ஆகவே அந்த இழப்பையும் கணக்கிட்டு வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும். அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது: இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு எண்ணெய் கிடைக்கும்? அந்த எண் குறையக் குறைய, கழிக்க வேண்டிய இழப்பு கூடும்.

எண்ணெய் வயல் அலுவலகத்தின் படிவத்தில் ‘இருபது’ என்றிருந்தது. வென்ஜிங் பழைய படிவங்களைப் புரட்டினாள். சென்ற ஆண்டும் இருபது. பதினான்கு ஆண்டுகளாகவே இருபது. கதைகளில் வரும் அள்ள அள்ளக் குறையாத பானையைத் தவிர, இப்படியொன்றை அவள் கேள்விப்பட்டதில்லை.

தொலைபேசியில் வயல் அலுவலக எழுத்தரைக் கேட்டாள்.

“பத்தொம்பதுன்னு எழுதினா ஏன் குறைஞ்சுதுன்னு கூட்டம் போடுவாங்க அக்கா. போன வருஷத்தைப் பாத்து அப்படியே எழுதிட்டா வம்பே இல்ல,” என்று அவன் சிரித்தான்.

பிரிவுத் தலைவர் தோங்கும் அதையே சொன்னார்: “இருபதுன்னே போட்டுடும்மா. ஆயுசு குறைஞ்ச கிணத்துக்கு யாரு பணம் குடுப்பா? குளிருக்கு முன்னாடியே ஆறாம் குழுவை மூடிடுவாங்க. உன் வீட்டுக்காரரு அங்கதானே?”

அங்கேதான். கணவன் லுவான் பாவ்ஷான் அக்குழுவில், குனிந்து குனிந்து நிமிரும் எண்ணெய் இயந்திரங்களோடு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தவன். ‘கும்பிடு மெஷின்’ என்பது அவற்றுக்கு ஊரார் இட்ட பெயர்.

“நெசமா இன்னும் எத்தனை வருஷங்க?” என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“பத்து வாளி எடுத்தா ஒம்பது தண்ணி. கும்பிட்டுக் கும்பிட்டு மெஷினுக்கு இடுப்பே ஒடிஞ்சுபோச்சு, பூமிக்கு இரக்கமில்ல.”

“விளையாடாதீங்க. நான் எழுதினா உங்க குழு போயிடும்.”

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அஞ்சு.”

“இருபதுன்னு எழுதட்டுமா?”

“கேட்டே, சொன்னேன். பொய்க்கும் என்கிட்டயே கையெழுத்து வாங்காதே.”

மறுநாள் அவள் ஐந்து என்று எழுதினாள். இழப்பைக் கழித்தபின், நகரத்தின் பதினொரு சதவீத வளர்ச்சி சுழியத்துக்கும் கீழே இறங்கியது. தோங் அந்த எண்ணைப் பார்த்தார். “உனக்கே கவலையில்லன்னா எனக்கென்ன,” என்று முத்திரை குத்தினார். அவளுக்கு அச்சமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அக்டோபரில் ஆறாம் குழு மூடப்பட்டது. பாவ்ஷான் நண்பகலிலேயே வீடு திரும்பி, திறக்காத சாப்பாட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்து உட்கார்ந்தான்.

“கணக்கு சரிதானே?”

“ரெண்டு தடவை பாத்தேன்.”

“யோசிச்சுப் பாத்தா நாலரைதான் இருக்கும்.”

“அப்ப இழப்பு இன்னும் கூடும்,” என்றாள் வென்ஜிங். பெட்டியைத் திறந்து, புளித்த முட்டைக்கோஸை இருவருக்கும் பங்கிட்டாள். அவன் சாப்பிடத் தொடங்கினான்.