பயிற்சிப் பட்டியல்

பதினோரு மையங்கள், நாலாயிரம் பங்கேற்பாளர்கள், ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர். மூளைக்கு எப்படி வயதாகிறது, மறதி நோயை எப்படித் தடுப்பது என்று ஆராயும் அந்தக் கூட்டமைப்பில் யார் எங்கே பிழை விட்டாலும் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விழும். முன்பு செவிலியாக இருந்தவள், தாங்கிப் பழகியிருந்தாள்.

அவள் உயிரைக் கொடுத்துக் காத்தது ஒன்றைத்தான்: நினைவுச் சோதனை. பதினைந்து சொற்களை நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்க வேண்டும்; பங்கேற்பாளர் அவற்றை நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் இழுத்து வாசித்தாலும் போச்சு, மதிப்பெண் ஏறிவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எல்லா மையத்தாருக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவாள். அதற்கென்றே ஒரு தனிப் பயிற்சிப் பட்டியல். பங்கேற்பாளர் எவர் காதிலும் அது விழக் கூடாது என்பது அவளே போட்ட விதி.

புதன்கிழமை காலை தரவு அலுவலர் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, மூணாவது மையத்துல ஒரு கூத்து. ஒருத்தர் எட்டு வார்த்தை சொல்லியிருக்கார். ஒண்ணுகூட அவருக்குப் படிச்ச லிஸ்ட்ல இல்ல. எட்டும் நம்ம பயிற்சி லிஸ்ட். சோதனை எடுத்தவர் தாளை மாத்திட்டார்போல. படிவப் பிழைன்னு போட்டு மூடிரலாமா?"

"அவர் என்ன சொல்றார்?"

"சரியான தாளைத்தான் படிச்சேன்னு சத்தியம் பண்றார். பின்ன, ஒத்துக்கவா போறார்?"

"பங்கேற்பாளர் யாரு?"

"பேர்தான் நமக்கு வராதே. ஆண், அறுபத்திரண்டு வயசு. ஸ்கூல் வேன் ஓட்டுறார்."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். ஆள் சேராமல் திண்டாடிய முதல் வருடம், "உன் கடைக்கு முதல் போணி நான்தான்" என்று, முறையாக அனுமதி வாங்கிச் சேர்ந்தவர் அவள் கணவர். ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படிப்பவரும் அவர்தான். அவரும் ஒரு பங்கேற்பாளர் என்பது அவளுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்காரராகத்தானே தெரிவார்!

படிவப் பிழை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இந்தச் சோதனை கழிந்துவிடும், அடுத்தது ஒரு வருடம் கழித்து. உண்மையை எழுதினால், படித்துக் காட்டியதில் ஒன்றுகூட அவர் நினைவில் நிற்கவில்லை என்றாகும்; இந்த வாரமே முழுப் பரிசோதனை. வேன் அன்றோடு நிற்கும். வேன் போனால் மனிதர் ஒடிந்துபோவார். ஆனால் அதில் இருபத்திரண்டு குழந்தைகள். போன மாதம் இரண்டு முறை வழிமாறிப் போய்த் தாமதமாக வந்தார். ஊருக்கெல்லாம் அறிகுறிப் பட்டியல் அச்சடித்து அனுப்பியவள், தன் வீட்டில் பார்த்ததற்குத் தூக்கக் கலக்கம் என்று பெயர் வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பேனாவை எடுத்தாள். "படிவப் பிழை அல்ல. சோதனை எடுத்தவர்மேல் குற்றமில்லை. பங்கேற்பாளர் என் கணவர். பட்டியலை என் வீட்டில் கேட்டிருக்கிறார். தவறு என்னுடையது. அவரை உடனே முழுப் பரிசோதனைக்கு அழைக்கவும்." எழுதி முடித்ததும், தரவு அலுவலர் முன்னாலேயே அழுதாள்.

மாலையில் அவர் வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கு மையத்துல படிச்ச வார்த்தை ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் நிக்கலம்மா. அவர் படிச்சு முடிச்சதும் தலைக்குள்ள வெறிச்சுன்னு ஆயிடுச்சு. உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு. அதைச் சொல்லிட்டு வந்தேன். தப்பா?"

"எட்டும் சரிதான்," என்றாள். "ஆனா இனிமே வேன்..."

அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலு மாசமா எந்தத் தெருவுல திரும்பணும்னு குழந்தைங்கதான் சொல்லுதுங்க," என்றார். "நீயா கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."