தெரியாது என்று ஒரு கையெழுத்து

தோட்டம் அவள் பெயரில் இருந்தது. பழச் சந்தை வாரியத்தில் நாற்காலி மட்டும் அவள் கணவர் பெயரில் இருந்தது. பேரிக்காய் விவசாயிகளின் பிரதிநிதி என்று சொல்லி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏணி ஏறிக் காய் பறிப்பது யார், கிளை வெட்டுவது யார் என்று அந்தத் தேர்தலில் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கே அவள் மனசுக்குள் அவருக்கு ‘உறுப்பினர்’ என்று பெயர் வைத்துவிட்டாள். வெளியே கூப்பிடுவது ‘என்னங்க’தான்.

அதற்கு முன்னால் அவரும் மற்ற விவசாயிகளைப் போல வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவர்தான். பறிக்கப் போகிறேன் என்று ஒரு படிவம், பறித்துவிட்டேன் என்று ஒரு படிவம், பறித்ததில் அழுகியது போக மிச்சம் என்ன என்று இன்னொரு படிவம். இத்தனையையும் வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு ஒரு கூடை காயையாவது இவர்கள் விற்றுத் தந்ததுண்டா என்று கத்துவார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள், கத்தல் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் யாராவது வாரியத்தைக் குறை சொன்னால், “நிர்வாகம்னா நாலும் இருக்கும்பா” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். வளர்ந்த மனுஷனை வாங்க ஒரு தகர வில்லை போதும் என்பதை அவள் அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டாள்.

வாரியத்திலிருந்து வரும் காகிதங்களை அவர் படித்ததே இல்லை. கண்ணாடி எங்கே, விளக்கைப் போடு என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டு, கடைசியில் காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிடுவார். “என்ன போட்டிருக்கான்னு சுருக்கமா சொல்லு.” அவள் படித்துச் சொல்வாள். கூட்டத்தில் போய் அதையே தான் யோசித்ததுபோல் பேசிவிட்டு வருவார். அதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. சொன்னதைச் சொன்னபடி பேசினால் சரி.

அப்படித்தான் அந்த வளைய விஷயமும் வந்தது. வாரியம் ஓர் இரும்பு வளையம் செய்திருந்தது. வளையத்தில் தங்குகிற காய் சந்தைக்குப் போகலாம். வளையத்துக்குள் புகுந்து கீழே விழுகிற காய் சாறு ஆலைக்குத்தான் போக வேண்டும், ஆலைக்காரன் கொடுக்கிற விலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் தோட்டத்துப் பேரி பொடிக் காய் ரகம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பருக்காது, ஆனால் கடித்தால் சர்க்கரை. சந்தையில் அதைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அந்த வளையத்தில் அது ஒரு நொடி நிற்காது என்று படித்த உடனே அவளுக்குத் தெரிந்துபோனது.

“இந்த விதிக்கு மட்டும் கையைத் தூக்கிடாதீங்க” என்று சாப்பாடு போடும்போது சொன்னாள். “நம்ம காய் மொத்தமும் சாறு ஆலைக்குப் போயிடும்.”

“ம்” என்றார். அன்றைய கூட்டத்தில் நன்றியுரை அவருடையது. வாய்க்குள் அதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று பக்கத்துத் தோட்டக்காரர் பிறகு அவளிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. தலைவர், டீ வருவதற்குள் இதை முடித்துவிடலாம் என்றாராம். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லிவிட்டு உறுப்பினரைப் பார்த்துத் தலையசைத்தாராம். அவ்வளவுதான். முதல் கை நம் ஆளுடையது.

பறிப்பு தொடங்கியதும் வாரியத்தின் ஆய்வாளர் பெட்டி கட்டும் கொட்டகைக்கு வந்தார். இளம் ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் வளையம். குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து வளையத்தில் வைத்தார். விழுந்தது. இன்னொன்றை வைத்தார், அதுவும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது விளையாட்டாகிவிட்டது, எடுப்பதும் போடுவதுமாக ஒரு கூடையைக் காலி செய்தார். உறுப்பினர் பக்கத்தில் நின்று வில்லையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ரூல்னா ரூல்தான் சார். நீங்களே பாஸ் பண்ணது” என்று ஆய்வாளர் கொட்டகை வாசலில் ‘சந்தைக்கு அனுப்பக் கூடாது’ என்ற சிவப்புச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்.

பேரிக்காய் காத்திருக்கிற சரக்கல்ல. பறித்து வைத்தால் உள்ளுக்குள்ளேயே கனிந்து, நடுவிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வருஷத்து உழைப்பு கொட்டகையில் கிடந்து இனித்துக்கொண்டிருந்தது.

வாரிய அலுவலகத்து குமாஸ்தாதான் வழி சொன்னார். விதிக்கு விலக்கு கேட்டு மனுப் போடலாம். விலக்குக்கு என்னென்ன காரணங்கள் செல்லும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் இவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றே ஒன்றுதான்: புதிய விதி விவசாயிக்குத் தெரியாது.

“எனக்குத் தெரியாதுன்னு எழுத முடியாதே” என்றார் உறுப்பினர், தேள் கொட்டினவர்போல. “கையைத் தூக்கினதே நான்தான்.”

“உங்களுக்கு இல்ல சார். தோட்டம் யார் பேர்ல இருக்கு? அம்மா பேர்ல. அம்மாவுக்குத்தானே தெரிஞ்சிருக்கணும்? உங்க வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்தான் வந்துச்சு, அதுவும் உங்க பேருக்கு. அம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

குமாஸ்தா மனுவை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘மேற்படி விதி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.’ அந்த வீட்டில் அந்த விதியைப் படித்தது அவள் ஒருத்திதான். அதன் ஆபத்தைப் புரிந்துகொண்டதும், வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டதும் அவள்தான். உட்கார்ந்து கை தூக்கிவிட்டு வந்த மகானுபாவர் விவரம் தெரிந்தவராம், இவள் ஒன்றும் தெரியாதவளாம். பேனாவைத் தூக்கி அந்த வில்லைமேல் எறியலாம் போல் இருந்தது. ஆனால் கொட்டகையில் காய் கனிந்துகொண்டிருந்தது. அவமானத்தை விழுங்கிவிடலாம், அழுகின பேரிக்காயை என்ன செய்வது? கையெழுத்துப் போட்டாள்.

மனுவை வாரியக் கூட்டத்தில் விசாரிப்பார்களாம், மனுதாரர் நேரில் வர வேண்டுமாம். பஸ்ஸில் போகும்போதே அவள் பதில்களைத் தயார் செய்துகொண்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார்கள். காகிதத்தை யார் வாங்கி வைத்தது என்று கேட்பார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. எந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்று மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தாள்.

நீள மேசை, அதைச் சுற்றி வில்லை குத்திய ஆண்கள், நடுவில் பிஸ்கட் தட்டு. தலைவர் மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உறுப்பினரிடம் கேட்டார். “என்ன, வீட்ல சொல்லலையா?”

“இதெல்லாம் வீட்ல பேசற விஷயமா சார்?” என்றார் உறுப்பினர்.

மேசை முழுக்கச் சிரித்தது. ‘நம்ம வீட்லயும் அதே கதைதான்’ என்று யாரோ சொன்னார்கள். தலைவர் முத்திரையை எடுத்து மையில் தொட்டு மனுமேல் குத்தினார். அவளைப் பார்த்து, “விலக்கு கொடுத்தாச்சும்மா. இனிமே எதுவா இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க” என்றார், ரொம்பக் கனிவாக.

அவ்வளவுதான் விசாரணை. அவளிடம் ஒரு கேள்விகூட இல்லை. அவள் தயாரித்து வைத்திருந்த பதில்கள் வாயிலேயே தங்கிவிட்டன. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பச்சைப் பொய். அதை நம்புவதற்கு அந்த மேசைக்கு ஒரு நொடி யோசனை தேவைப்படவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திரும்பி வரும்போது உறுப்பினர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சொன்னார்: “பாத்தியா, நான் உள்ள இருக்கிறதால காரியம் ஆச்சு.”



மறுநாள் காலையில் சிவப்புச் சீட்டைக் கிழித்தார்கள். சாயங்காலம் லாரி வருவதாக ஏற்பாடு. விலக்கோடு கூடவே ஒரு படிவமும் வந்திருந்தது: விலக்கு பெற்ற தோட்டத்தில் காய்க்கிற மரங்கள் எத்தனை, எத்தனை வரிசை என்று எழுதி லாரிக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உறுப்பினர் வழக்கம்போல் கண்ணாடியைத் தேடினார், பிறகு அதை அவள் பக்கம் தள்ளினார். “என்ன போட்டிருக்கான்னு சுருக்கமா சொல்லு.”

அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நீங்கதானே விவரம் தெரிஞ்சவர். நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஏணிமேல் நின்று அவள் பாதி மரம் பறித்திருப்பாள். கீழே அவர் வருவது தெரிந்தது. கையில் படிவமும் பேனாவும், காலில் வெளியே போட்டுப் போகிற செருப்பு. இந்தப் பருவத்தில் அவர் தோட்டத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு மரத்தையும் விரலால் சுட்டி எண்ணிக்கொண்டு போனார். நடுவில் எண்ணிக்கை தவறிப்போய்த் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார். மரத்துக்கு மரம் வில்லை வெயிலில் மின்னியது.

வரிசைகளின் கோடியில் வாய்க்கால் ஓடியது. அதுதான் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரரின் மரங்கள், பெரிய காய் ரகம், பார்த்தாலே தெரியும். உறுப்பினர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். அங்கேயும் எண்ணத் தொடங்கினார்.

லாரி வருவதற்குள் அந்தப் படிவத்தைத் தானே சரியாக எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். காய் போயாக வேண்டுமே. அதை நினைக்கும்போது அந்த மனுஷன்மேல் இருந்த இளக்காரத்தில் பாதி அவள் பக்கமே திரும்பியது. ஆனாலும் இப்போது வாயைத் திறப்பதாக இல்லை.

அங்கிருந்து அவர் கத்தினார். “ஏய்! இதெல்லாமும் நம்மளுதுதானே?”

“எனக்கு எதுவும் தெரியாதுங்க” என்று அவள் ஏணியிலிருந்தே சொன்னாள். “எழுதியே கொடுத்திருக்கேனே.”

 அவர் அடுத்த மரத்துக்குப் போய், அதையும் எண்ணிக்கொண்டார்.