வெள்ளைச் சர்க்கரையின் பக்கம் நின்று எழுதியது

1

இந்தக் கதை அரை நிமிடம்கூட ஓடாத ஒரு காணொளியிலிருந்து பிறந்தது. மழை சற்று விட்ட ஒரு மாலையில், ஒரு பெண் மொட்டைமாடியில் குனிந்து, சின்ன மரப்பெட்டிகளின் மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கொட்டாங்குச்சிகளில் சர்க்கரைப் பாகை ஊற்றுகிறார். தேன் வாங்க வந்த யாரோ எடுத்தது. 'சுத்தமான தேன் தயாராகும் லட்சணத்தைப் பாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. சிதம்பரத்திலும் கடலூரிலும் அதைப் பார்க்காத கைபேசி இல்லை.

அந்த மொட்டைமாடி என் அறைக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பெண் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் நிலோஃபர். அண்ணாமலை நகரில் மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எஞ்சிய மாடியில் தேனீ வளர்க்கிறார். நான் பவானி; நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வு மாணவி. காணொளியைப் பார்த்ததும் எனக்கு எழுந்தது கோபமன்று, இதில் ஒரு கதை இருக்கிறது என்ற எண்ணம். எங்கள் துறையின் குணம் அப்படி.

2

கைவிட்ட தொடக்கங்களை அழிக்காமல் வைக்கிறேன்.

'கார்த்திகை மழை தேனீக்களிடம் சொல்லாமல் வந்தது.' (மழை யாரிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது?)

'அவர் ஊற்றியது பாகா, பழியா என்று அந்தத் தெரு' (வாக்கியத்தை முடிக்கவில்லை. மோனைக்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அழகன்று.)

'நிலோஃபர் எதையோ மறைத்தார்.' இது எனக்குப் பிடித்திருந்தது. அவர் தேனில் பாகு கலந்தாரா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்லாமல் விடுவது. வாசகரை அந்த இடைவெளியில் நிறுத்துவது. பல வாசிப்புகளுக்கு இடம்தரும் பிரதி, நம்பத்தகாத கதைசொல்லி என்று கருத்தரங்குகளில் நாங்கள் கொண்டாடும் அத்தனையும் அந்த மூன்று சொற்களில் அடங்கியிருந்தன.

3

கதைக்குள் போகுமுன் ஒரு விளக்கம். இதை அடிக்குறிப்பில் போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். ஆகவே நடுவில் வைக்கிறேன்.

பெருத்துவிட்ட தேனீக் குடும்பத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, புதிய ராணியோடு தனியாகக் குடியமர்த்துவார்கள். அதற்குத்தான் சின்னப் பெட்டி. உள்ளே கையளவுத் தேனீக்கள், மூன்று நான்கு மெழுகு அடைகள், சேமிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அடைமழையில் பூவும் இல்லை, பறக்கவும் வழியில்லை. வெள்ளைச் சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊட்டாவிட்டால் அந்தக் குடும்பம் பட்டினியில் அழியும். இப்பெட்டிகளிலிருந்து தேன் எடுப்பதில்லை. எடுக்க அங்கே எதுவும் இல்லை. மழை முடிந்து தேறியபின் இவை குடும்பத்தோடு புவனகிரிப் பக்கத்து விவசாயிகளிடம் விலைக்குப் போகும். விற்கிற தேன் முழுவதும், மாடியின் மறுபுறம் இருக்கும் பெரிய பெட்டிகளில் பூக்காலத்தில் எடுத்தது.

இந்த ஆண்டு ஆறு சின்னப் பெட்டிகள்.

4

நிலோஃபரின் தேனைத் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்து விற்பவர் நவ்ஷாத், அவருடைய அக்காவின் கணவர். காணொளி பரவிய வாரத்தில், தூறலில் குடையோடும் ஒரு மூட்டையோடும் மாடிக்கு வந்தார். நான் சன்னலோரம் இருந்தேன். (ஒட்டுக்கேட்டேன் என்று படித்தாலும் பிழையில்லை.)

"இன்னா நிலோ, உன் பூச்சிங்க ஊரெல்லாம் ஃபேமஸ் ஆயிடிச்சி போல."

"நீங்க நனையாம மூட்டைய நனைய வுட்டுட்டீங்களே மச்சான். உள்ள இன்னா?"

"நாட்டுச் சர்க்கரை. அசல் சரக்கு. பாட்டிலெல்லாம் திரும்பி வருது நிலோ. வர்றவன் போறவன்லாம் செல்லத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்றான். இனிமே இதக் கரைச்சி ஊத்து, நான் வீடியோ எடுத்துப் போட்டுர்றேன். எங்க தேனீ நாட்டுச் சர்க்கரைதான் சாப்புடும்னு. பிரச்சினை முடிஞ்சிது."

"பூச்சியும் முடிஞ்சிடும்."

"மனுஷனுக்கே நல்லதுங்கறாங்க!"

"மனுஷனுக்குக் கக்கூஸ் இருக்கு மச்சான். இதுங்க பறந்து போயித்தான் வெளிக்கி இருக்கும். நாட்டுச் சர்க்கரைல கசடு ஜாஸ்தி, வயித்தால போவும். இந்த மழையில வெளிய போவ முடியாம பெட்டிக்குள்ளயே போயி, அடையெல்லாம் நாறி, ஒண்ணு மிஞ்சாது."

"சரி, வீடியோவுக்கு மட்டும் ஊத்து."

"கேமராவுக்கு மட்டும் குடிங்கடின்னு இதுங்ககிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

நவ்ஷாத் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஆறு சின்னப் பெட்டிதான. போனாப் போவுது. பேரு போச்சின்னா பெரிய பெட்டித் தேனையும் எவனும் தொடமாட்டான்" என்றார்.

(அவரை வில்லனாக வாசிக்க வேண்டாம். வியாபாரியாக அவர் சொன்னது சரி. அவரைக் கெட்டவராக்கினால் இந்தக் கதை சுலபமாகிவிடும். எனக்குச் சுலபம் வேண்டாம்.)

"நான் ஊத்த மாட்டேன்."

"அப்ப என் ஷெல்ஃப்ல உன் பாட்டில் இருக்காது."

"எடுத்துடுங்க. அந்த மூட்டையையும் எடுத்துட்டுப் போங்க. லாத்தாகிட்ட குடுத்துப் பாயசம் வைக்கச் சொல்லுங்க."

லாத்தா என்றால் நிலோஃபரின் அக்கா. நவ்ஷாத் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கும்போது குடையை மறந்துவிட்டுப் போனார்.

5

அன்று மாலை நிலோஃபர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு நாளா என்னப் பாத்துப் பாத்து இன்னா டைப் பண்ற? படிச்சிக் காட்டு."

மூன்றாவது தொடக்கத்தையும் அதற்கு மேல் எழுதியிருந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். கேட்டு முடித்தவர், "கலந்தேனா இல்லையான்னு கடைசிவரைக்கும் சொல்லவே மாட்டியா?" என்றார்.

"அதை வாசகர் முடிவு பண்ணட்டும் அக்கா."

"வாசகர்தான் பாட்டிலத் திருப்பிக் குடுக்கறாரு, பவானி."

நான் வாதிட்டேன். இலக்கியம் தீர்ப்பு எழுதும் இடமன்று என்றேன். அவரும் விடவில்லை, தீர்ப்புதான் ஏற்கெனவே எழுதியாயிற்றே, அதற்குக் கீழே நீயும் ஏன் கையெழுத்துப் போடுகிறாய் என்று கேட்டார். அந்த விவாதத்தில் யாரும் யாரையும் வெல்லவில்லை. ஆனால் அவர் போனபின் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அதை என் துறையினர் முன்னிலையிலும் சொல்வேன். ஐயம் ஆழத்தின் அடையாளம் என்று நாம் பழகிவிட்டோம். ஐயத்தை உற்பத்தி செய்ய இன்று எழுத்தாளர் தேவையில்லை, ஒரு கைபேசி போதும். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை நான் ஏன் உழைத்துச் செய்ய வேண்டும்?

ஆகவே: நிலோஃபர் தேனில் பாகு கலக்கவில்லை. இந்த வாக்கியத்துக்கு அடியில் வேறொன்றும் இல்லை. தோண்டிப் பார்க்கலாம்.

6

மறுநாள் அவருக்கு ஒரு பலகை எழுத வேண்டியிருந்தது. நான் தொடங்கினேன்: 'இயற்கை உணவு கிடைக்காத பருவச் சூழலில், வளர்நிலைத் தேனீக் குடும்பங்களுக்கு மட்டும் துணை உணவாக'

"இன்னாது இது, கோர்ட்டு நோட்டீஸா? கேட்டுல நின்னு படிக்கறவன் படிச்சி முடிக்கறதுக்குள்ள நனைஞ்சிப் பூடுவான்."

வெட்டினோம். அவர் ஒரு சொல்லை அடித்தார், நான் ஒன்றைக் காப்பாற்றினேன். கடைசியில் வாசல் கதவில் தொங்கியது இது: 'இங்கே சின்னப் பெட்டித் தேனீக்களுக்கு வெள்ளைச் சர்க்கரைதான் ஊட்டுகிறோம். அந்தப் பெட்டிகளில் தேன் எடுப்பதில்லை. சாயங்காலம் வந்து பாருங்கள்.' (சாயங்காலம் ஏன்? பகலில் ஊற்றினால் பாகின் வாசனைக்குப் பெரிய பெட்டித் தேனீக்கள் வந்து, சின்னப் பெட்டிகளைக் கொள்ளையடித்துவிடும்.)

பலகையைப் படம் எடுத்து, காணொளி சுற்றிய எல்லாக் குழுக்களுக்கும் நிலோஃபரே அனுப்பினார். உடனே நவ்ஷாத் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் மாடி முழுவதும் கேட்டது.

"நீயே ஒத்துக்கிட்டியே நிலோ!"

"ஒத்துக்கல மச்சான். சொல்லியிருக்கேன்."

வார இறுதியில், விற்காத பாட்டில்களை அட்டைப்பெட்டியில் கட்டி நவ்ஷாத் திருப்பி அனுப்பிவிட்டார். பலகையைப் பார்த்துச் சாயங்காலம் மாடியேறி வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் இருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே வந்தார்கள். நிலோஃபர் வெளிச்சம் விழும் பக்கமாக விலகி நின்று, அவர்கள் எதிரிலேயே பாகை ஊற்றினார்.

7

முடிவுகள்.

நவ்ஷாத் மனம் மாறி வந்து பாட்டில்களை எடுத்துப் போகிறார். (வரவில்லை. வரவைக்கவும் மாட்டேன்.)

ஆறு பெட்டிகளும் அழிந்து, வீரம் வீணாகி (நிறுத்திவிட்டேன். இப்படி முடித்தால் விருது கிடைக்கலாம்.)

மூன்றாவது முடிவை நிலோஃபர் கேட்டார்.

"ஆறும் பொழச்சிக்கிச்சின்னு எழுதும்மா. தை மாசம் விக்கறப்ப உதவும்."

"பெட்டியைத் திறந்து காட்டுங்க, எழுதுறேன்."

"மூடியத் தூக்கிப் பாகு ஊத்தறது ஒரு நொடி வேலை. ராணி முட்டை வுட்டிருக்கா, குஞ்சு உசுரோட இருக்கான்னு பாக்கணும்னா அடைய வெளிய எடுக்கணும். இந்த ஈரக்காத்துல எடுத்தா குஞ்செல்லாம் வெறச்சிச் செத்துப் பூடும். உன் கதைக்காகத் திறப்பேனா நான்?"

"திறக்க வேண்டாம். மழை முடிஞ்சி நீங்களா திறக்கிற வரைக்கும் நானும் எழுத மாட்டேன்."

"புடிவாதம் ஜாஸ்திடி உனக்கு" என்று பாகுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெளியே இன்னும் மழை. கலந்தாரா என்ற கேள்வியை நான் அடைத்துவிட்டேன். அது திரும்பத் திறக்காது. பிழைத்தனவா என்ற கேள்வி ஆறு பெட்டிகளுக்குள் இருக்கிறது. முடிவில்லாத கதையை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சினந்தால், முகவரி தருகிறேன், வாருங்கள். மாடிவரை வரலாம், நின்று பார்க்கலாம், பாகும் ஊற்றலாம். அடையை மட்டும் வெளியே எடுக்க விடமாட்டோம்.