என் பெயரில் ஆணியின் ரத்தம்

மூன்று குழாய் மனித ரத்தம், விலை அரைநாள் லீவு. அதைக்கூட நான் கையோடு கொடுக்கவில்லை. சரக்கு இருப்பு எண்ணி முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விற்றவர் பேரம் பேசவில்லை. பேரம் பேசாத ஆளிடம் வாங்கும்போது வியாபாரிக்குக் கொஞ்சமாவது கை கூச வேண்டும். எனக்குக் கூசவில்லை.

ஆணி, கம்பி, போல்ட்டு எல்லாம் எடைபோட்டு விற்கும் கடை என்னுடையது. தராசில் நிற்பவர் பதினாறு வருடமாக ஒரே ஆள். ஒல்லியான உடம்பு. விற்பது ஆணி என்பதால் அவர் பெயரும் ஆணியாகிவிட்டது. கடைப் பையன்களுக்கு ஆணி அண்ணன், எனக்கு வெறும் ஆணி.

எனக்குச் சர்க்கரை இருக்குமோ என்ற சந்தேகம் என் மனைவிக்கு. டீயில் மூன்று கரண்டி போடுகிறவனுக்கு வேறென்ன இருக்கும் என்பது அவள் வாதம். வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கும் லேபில் மகள் இரண்டு முறை பதிவு செய்தாள். இரண்டு முறையும் எனக்கு விடியற்காலையிலேயே அவசர வேலை வந்துவிட்டது. மூன்றாம் முறை நேராகக் கடைக்கே ஆளை அனுப்பிவிட்டாள்.

லேப் பெண் பெட்டியோடு வந்து நின்றபோது என் கையில் பாதி குடித்த டீ.

"வெறும் வயித்துல இருக்கணும் சார். பேஷன்ட் யாரு?"

கோப்பையைக் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் தள்ளினேன். ஆணி பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார். கையை நீட்டி, "இவர்தாம்மா" என்றேன்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள். "வயசு அம்பத்தொண்ணா?"

அவருக்கு நாற்பத்துநாலு. ஆனால் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, ஐம்பத்தொன்று தாராளமாகத் தெரிந்தது. "உழைப்பும்மா" என்றேன். மெலிந்த ஆளுக்குச் சர்க்கரை வராது என்பது எங்கள் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம். நல்ல சரக்காகப் பொறுக்கி எடுத்த திருப்தி எனக்கு.

ஆணி சிரித்துக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டி, என் காதோரம் சொன்னார். "அண்ணிகிட்ட மாட்டிக்காம இருந்தா சரி, முதலாளி."

சாயங்காலம் மகளின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு. மூன்று மாதச் சராசரி என்ற இடத்தில் பதினொன்று புள்ளி நான்கு. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோயாம்.

மகள் அழுதாள். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி வைத்தாள். "இனி எனக்கும் வேண்டாம். நீங்க மட்டும் ஏன் தனியாக் கஷ்டப்படணும்" என்றாள். மறுநாளிலிருந்து காலையில் என்னோடு நடக்கவும் வந்தாள், மூட்டு வலியோடு. வேறொருவர் பெயரில் வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் மாதிரி அந்த அன்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பார்சலுக்கு உரியவரோ கடையில் கம்பியும் ஆணியும் எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் கழிப்பறை சந்தின் கோடியில். ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் போனால், போகும் ஒவ்வொரு தடவைக்கும் கால்மணிக் கூலி பிடிப்பேன். அதற்கென்று 'வெளியே' என்று தலைப்புப் போட்ட நோட்டு. சில மாதமாக அதில் ஆணியின் பெயர்தான் அதிகம். தண்ணீர் குடிப்பார், போவார், வருவார், மறுபடி குடிப்பார். "அண்ணனுக்கு உள்ள குழாய் வாஷர் போயிடுச்சு" என்று பையன்கள் சிரிப்பார்கள். முதலில் சிரித்தது நான்தான்.

இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவேன். சொன்னால் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், கடைத்தெருவுக்கே தெரியும். ஊசிக்குப் பயந்து வேலைக்காரன் கையை நீட்டினவன் என்ற பட்டம் நான் போன பிறகும் கடைப் பலகையில் தொங்கும். ஆறாம் நாள் சுற்றிவளைத்துப் பார்த்தேன்.

"ஆணி, ரொம்ப எளைச்சுட்டே. ஒரு தடவை டாக்டரைப் பாரேன்."

"எனக்கென்ன முதலாளி? அதான் அன்னைக்கு ரத்தம் எடுத்தாங்களே. ஏதாச்சும் இருந்தா நீங்க சொல்லாமலா இருப்பீங்க?"

குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் கேட்டார். நான் நோட்டைப் பிரித்தேன். அன்றைக்கும் அவர் பெயருக்கு நேரே மூன்று தடவை எழுதினேன். பழக்கம்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து மருந்து எழுத டாக்டர் மறுத்தார். மறுபடி எடுக்கச் சொன்னார். பத்தாம் நாள் என் சொந்தக் கையை நீட்டினேன். பதினோராம் நாள் மனைவியோடு டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மூணு மாசச் சராசரி அஞ்சு புள்ளி ஒன்பது. இது எப்படி? வெறும் வயித்துச் சர்க்கரைன்னா நாலு நாள் வாயைக் கட்டினா இறங்கும். இது ரத்தத்துல ஒட்டிக்கிட்ட சர்க்கரை, மூணு மாசக் கணக்கு. பத்து நாள்ல பாதியாகாது."

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"அந்த லேப் பொண்ணு குழாயை மாத்தியிருக்கணும். புகார் எழுதிக் குடுங்க. இந்த மாதிரி ஆளை வேலையில வெச்சிருக்கவே கூடாது."

நல்ல பேரம். ஒரு கையெழுத்து, நான் தப்பித்தேன். மனைவி மூடியைக் கழற்றிப் பேனாவை என் கையில் வைத்தாள். முகத்தில் பதினோரு நாளாகக் காணாத தெளிச்சல். "பாவி, எப்படிப் பயமுறுத்திட்டா. எழுதுங்க."

'ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"குழாய் மாறலை டாக்டர். அது எங்க கடை ஆணியோட ரத்தம்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"பதினோரு நாளா?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். மனைவி எனக்கு முன்னால் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தாள். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த மிக நீளமான திட்டு அது.

ஆணி இரண்டு அங்குல ஆணி ஐந்து கிலோ போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். எண்களையும் சொன்னேன். முள் நடுவில் நிற்கும்வரை இன்னும் நாலு ஆணி போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"ரிப்போர்ட் என்னைக்கு வந்துச்சு?"

"ரத்தம் எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே."

"அன்னைக்கேவா?" கைகளைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நானா ஒரு தடவை கேட்டேன் இல்ல?"

"கேட்டே." அந்த ஒருமை முதன்முறையாக என் காதில் அசிங்கமாக விழுந்தது. "மருந்துச் செலவு, டாக்டர் செலவு எல்லாம் நான் பாத்துக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும்."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் முதலாளி. மொதல்ல ஒண்ணுக்குப் போனதுக்குப் பிடிச்ச கூலியைக் குடுத்துடுங்க."

பையன்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி கல்லாவில் உட்கார்ந்து 'வெளியே' நோட்டைப் பிரித்தாள். கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். மூன்று மாதம், எல்லாம் என் கையெழுத்து. லேப் குழாயில் கண்டுபிடித்த நோயை நான் தேதி போட்டு எழுதி, காசும் பிடித்திருந்தேன்.

"நூத்து நாப்பத்தாறு தடவை" என்றாள். "கால்மணி வீதம் முப்பத்தாறரை மணி."

"அந்த அரைநாள் லீவும் இன்னும் வரலை" என்றார் ஆணி.

"நாலு மணி சேத்தா நாப்பதரை."

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பாக்கி. எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணிப் பார்த்தார். முன்பெல்லாம் எண்ணாமல் மடித்து வைத்துக்கொள்வார். பிறகு என் மனைவி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

தராசில் ஆள் இல்லாத கடையில் உட்கார்ந்து நோட்டில் கணக்கை முடித்தேன்.

ஆணி அண்ணனுக்குத் தரவேண்டிய கூலி: ஐந்து நாள், அரைமணி. தந்தாகிவிட்டது.
தரவேண்டிய மற்றது: பதினோரு நாள். பாக்கி.